தூண் போட்ட வெள்ளிக்காசு

எங்கள் அருங்காட்சியகத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. ‘செல்லாக்காசு’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக நான் பார்ப்பதெல்லாம் செல்லாத காசுகள் என்பதால் வாயிற்காவலர் வைத்த பெயர். ஆரம்பத்தில் கோபம் வந்தது. இப்போது டெலிபோனை எடுத்து நானே அப்படிச் சொல்லிக்கொள்கிறேன்.

காசு அறை கட்டடத்தின் பின்பக்கம் இருக்கிறது. ஒரு ஜன்னல், ஒரு தராசு, ஒரு நுண்ணோக்கி, சுவரோடு சுவராக இரும்பு அலமாரி. புதன்கிழமை மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை பொதுமக்கள் தங்களிடம் உள்ள பழைய காசுகளைக் கொண்டுவந்து காட்டலாம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நாற்காலியில் உட்காரும் முன்பே “எவ்வளவு தேறும்?” என்பார்கள். ஒன்றும் தேறாது என்றதும் என்னையே சந்தேகத்தோடு பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்த அம்மா அப்படிக் கேட்கவில்லை. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். விரல் நுனிகளெல்லாம் வெளுத்து, சுருங்கி, நாளெல்லாம் தண்ணீரில் கிடந்த விரல்கள் போல இருந்தன. ஒரு கைக்குட்டையை மேஜைமேல் வைத்து மடிப்பு மடிப்பாகப் பிரித்தார். அவ்வளவு நேர்த்தியாக இஸ்திரி போட்ட கைக்குட்டையை நான் பார்த்ததில்லை. உள்ளே கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வெள்ளிக்காசு ஒன்று இருந்தது. ஒரு பக்கம் கறுத்து, மண்ணும் களிம்பும் இறுகிக் கிடந்தது. மறுபக்கம் மட்டும் சுத்தமாக இருந்தது. அதில் உயரமான ஒரு தூண், அதன் உச்சியில் நிற்கும் ஒரு மனிதன், அடியில் சுற்றிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி அடைத்த வேலி.

“இந்தப் பக்கம் இருக்கிறது என்ன கட்டடம் சார்? அது மட்டும் தெரிஞ்சா போதும்.”

பார்த்தவுடனே ரோமானியப் பேரரசின் காசு என்று தெரிந்தது. ஆனால் காசில் தூணைப் போட்ட பேரரசர் ஒருவர் மட்டும் இல்லை. ஓரத்து எழுத்துகளில் நாலைந்துதான் மிஞ்சியிருந்தன. மறுபக்கத்து முகத்தைச் சுத்தம் செய்தால்தான் யாருடையது என்று உறுதியாகச் சொல்ல முடியும், ஒரு வாரம் விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். கூடவே வழக்கமான படிவத்தை நீட்டினேன். எங்கே கிடைத்தது, எப்போது, யார் கண்டெடுத்தது. மண்ணுக்கடியில் கிடைத்த பழம்பொருள் என்றால் இந்த மூன்றும் கட்டாயம்.

பேனா முதல் வரியிலேயே நின்றுவிட்டது. இதை எழுதித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே. திருட்டுக் காசு இல்லையே அம்மா என்று சிரித்துக்கொண்டே கேட்டுவைத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. கைக்குட்டையைப் பழைய மடிப்பிலேயே மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த புதன்கிழமை மூன்றே முக்காலுக்கு, நான் அலமாரியைப் பூட்டும் நேரத்தில், மறுபடி வந்தார். இந்த முறை படிவம் எதுவும் நீட்டாமல் உட்காரச் சொன்னேன். ஜன்னலைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார்.

அவருக்கு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. பத்தொன்பது வருஷமாக முதல் மேஜை அவருடையது. வரும் துணிகளையெல்லாம் இயந்திரத்தில் போடும் முன் பை பையாகத் துழாவி, உள்ளே இருப்பதை எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். பேனா, சாவி, மாத்திரை, யாரோ யாருக்கோ எழுதிக் கொடுக்காமல் விட்ட கடிதம். ஊரில் இருக்கிற எல்லோர் பையையும் பார்த்தாகிவிட்டது, வீட்டுக்காரர் பையை மட்டும் பார்த்ததில்லை என்று வேலையிடத்தில் வேடிக்கையாகச் சொல்வார்களாம்.

கணவர் சாக்கடைக் குழாய் பதிக்கும் தொழிலாளி. பேச்சே கிடையாது. அதனாலேயே கூட வேலை செய்கிறவர்கள் கேலியாக அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்திருந்தார்கள். காலையில் ஆறு மணிக்குப் போவார், மாலை ஆறு மணிக்கு வருவார், போட்டதைச் சாப்பிடுவார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் கட்டடம். தெருவில் போகும்போது புதிதாக ஏதாவது எழும்பினால் நின்றுவிடுவார். எத்தனை மாடி, எத்தனை தூண், சாரம் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று வாயில் ஈ நுழைவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார். மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது மற்ற அப்பாக்கள் பூங்காவுக்குக் கூட்டிப்போனால், இவர் தண்ணீர்த் தொட்டி கட்டுவதைக் காட்டக் கூட்டிப்போனாராம்.

நாற்பத்து மூன்று நாள் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் தெருவில், இரண்டு ஆள் ஆழப் பள்ளத்தின் சுவர் சரிந்து அவர்மேல் விழுந்தது. இரண்டு நாள் மழையில் ஊறிய மண். தோண்டி எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவரைக் கொண்டுபோனது மனைவி வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான். மேலே அவர் கிடக்க, இந்த அம்மா கீழ்த்தளத்தில் யார் யாருடைய பைகளையோ துழாவிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் யாரோ வந்து சொன்னார்களாம்.

துணிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, துவைப்பதற்கு முன், கை தன் வழக்கப்படி பைகளைத் துழாவிவிட்டது. வீட்டுச் சாவி, ஒரு துண்டுப் பென்சில், கால்சட்டையின் சின்னப் பையில் இந்தக் காசு.

மூன்றாம் நாள் கணவரோடு வேலை செய்த, எல்லோரும் ‘நெட்டை’ என்று கூப்பிடும் ஆள் வந்தான். பள்ளத்தில் எப்போதும் இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் இறங்குவார்கள். காசைக் காட்டியதும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். சாப்பாட்டு நேரத்தில் ரேடியோ கையில் ஏதோ மின்னியதைப் பார்த்தேன் என்றான். காலையில் பள்ளத்தில் கிடைத்திருக்கும், இன்னும் இருக்குமா என்று பார்க்கத் தானாகவே மறுபடி இறங்கியிருப்பார் என்றான். இதை வெளியில் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள் அண்ணி என்றான். குழாய் வேலையை எடுத்திருந்த கம்பெனியின் என்ஜினீயர் ஏற்கெனவே அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார், யாரும் சொல்லாமல் தொழிலாளி தானாக இறங்கினார் என்று. விசாரணை அதிகாரி இன்னும் இரண்டு வாரத்தில் குடும்பத்தாரை வரச் சொல்லியிருந்தார்.

“என்னையும் பொண்ணையும் விட்டுட்டு ஒரு காசு பொறுக்கப் போயிட்டாரு சார். அது என்ன காசுன்னாவது நான் தெரிஞ்சுக்க வேணாமா?”

அழவில்லை. அவர் குரலில் கோபம்தான் இருந்தது. இறந்துபோனவர்மேல் கோபப்படுவது எவ்வளவு பெரிய சுமை என்று அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். படிவம் இல்லாமல் எந்தப் பொருளையும் வாங்கக்கூடாது என்பது விதி. வாங்கி வைத்துக்கொண்டேன்.

கறுத்த பக்கத்தைச் சுத்தம் செய்ய நாலு நாள் ஆயிற்று. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட்டு, மூங்கில் குச்சியைச் சீவி, மயிரிழை மயிரிழையாகக் களிம்பை நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் முகமே பெயர்ந்துவிடும். முதலில் காது வந்தது, பிறகு சுருட்டை முடி. நான் காத்திருந்தது கன்னத்துக்காக. ஏனென்றால் தூண் போட்ட பேரரசர்களில் பெயர்பெற்றவரான டிராஜன் மழுமழுவென்று சவரம் செய்த ஆள். இதிலோ கன்னம் முழுக்கத் தாடி வந்தது. தலையில் மாலையோ கிரீடமோ இல்லை. ஓரத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. தெய்வமான அந்தோனினஸ். இறந்த பேரரசரைத் தெய்வம் என்று சொல்வது ரோமானியர் வழக்கம். அந்தோனினஸ் பயஸ் என்ற பேரரசர் இறந்த பிறகு வெளியிட்ட காசு. டிராஜனின் தூணில் கயிறு சுற்றியது போலச் சிற்ப வரிசை மேலே ஏறிப் போகும். இதில் தூண் வழவழப்பாக இருந்தது, அடியில் வேலி இருந்தது. எல்லாம் பொருந்தி வந்தது. அபூர்வமான காசு என்று சொல்ல முடியாது. எங்கள் அலமாரியிலேயே இதே வகையில் இன்னொன்று இருக்கிறது.

அதன் பிறகுதான் படம் எடுப்பதற்காகத் தூண் பக்கத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். வேலியின் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. ஊசியால் தொட்டேன். பொடியாக உதிர்ந்தது. என்னவென்று புரிந்ததும் வாய்விட்டுத் திட்டிவிட்டேன். பற்பசை! என் தொழிலுக்குப் பிறவி விரோதி. எத்தனை பேருக்குச் சொன்னாலும் வீட்டில் பற்பசை போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் கொண்டுவருவார்கள்.

திட்டி முடித்த பிறகு கை அப்படியே நின்றுவிட்டது. எந்த மனுஷன் இரண்டு ஆள் பள்ளத்துக்குள் நின்றுகொண்டு காசுக்குப் பல் விளக்குவான்?

மறுபடி கண்ணை வைத்தேன். எழுத்துகளின் இடுக்குகளில் நீல நிறப் பஞ்சிழைகள் சிக்கியிருந்தன. தூணின் உச்சியும் வேலியின் மேல்விளிம்பும் துணியில் உரசி உரசிப் பளபளப்பேறியிருந்தன. ஒரு நாளில் வரும் பளபளப்பு இல்லை. இந்தக் காசு அவர் பையில் வாரக்கணக்காக இருந்திருக்கிறது.

அப்போது இன்னொன்று தோன்றியது. இவ்வளவு பாடுபட்டுத் தேய்த்தவர் யாரிடமாவது கேட்காமல் இருந்திருப்பாரா? இந்த ஊரில் கேட்பதற்கு ஒரே ஒரு இடம்தான். எழுந்து வாயிலுக்குப் போய்க் காவலரின் வருகைப் புத்தகத்தை வாங்கிப் பின்னோக்கிப் புரட்டினேன். விபத்துக்குப் பதின்மூன்று நாள் முன்பு, புதன்கிழமை, ஐந்தாவது வரி. பென்சிலில், அந்த அம்மா சொன்ன அதே பெயர். வந்த காரணம் என்ற கட்டத்தில், “ஒரு பழைய காசு. அதில் உள்ள கட்டடம் என்ன என்று கேட்க.” அதற்கு நேராகக் காவலரின் கையெழுத்தில், “சார் லீவு.”

அந்த இரண்டு வாரமும் எனக்கு ஜுரம்கூட இல்லை. சேர்ந்துபோன விடுப்பு வீணாகக் கூடாதே என்று வீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தேன். காவலருக்கு அந்த ஆளை நன்றாக நினைவிருந்தது. மழையில் வேலை நின்றதால் வந்ததாகச் சொன்னாராம். காலணி முழுக்கச் சேறு என்று அதை வாசலிலேயே கழற்றிவிட்டு, ஈரக் காலுறையோடு நின்றாராம். இரண்டு வாரம் கழித்துப் புதன்கிழமை வாருங்கள் என்று காவலர் சொன்னதற்கு, சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாராம். அந்தப் புதன்கிழமைக்கு முந்தின நாள்தான் மண் சரிந்தது.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பற்பசை என் ஊகம் என்று யாராவது தள்ளிவிடலாம். தேதி போட்டு அவரே எழுதிய வரியை யாராலும் தள்ள முடியாது.

அந்த அம்மா வந்ததும் முதலில் நுண்ணோக்கியில் காட்டினேன். வெள்ளையாகத் தெரிவது என்ன என்று சொன்னேன். கண்ணை எடுக்காமலே வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்தார்.

“ஒரு ஞாயித்துக்கெழம குளியலறைக்குள்ள போனவரு வெளிய வரவே இல்ல. தண்ணி திறந்த மாதிரியே கெடந்துச்சு. நான் கதவத் தட்டிக் கத்துனேன் சார். உள்ள என்ன குடித்தனமா நடத்துறீங்கன்னு கேட்டேன்.” காசைப் பார்த்தபடி, “பதிலே சொல்லாம வெளிய வந்தாரு. கை மட்டும் பைக்குள்ள இருந்துச்சு,” என்றார்.

அப்புறம் வருகைப் புத்தகத்தைத் திறந்து வைத்தேன். எழுத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். பக்கத்துக் கட்டத்தில் இருந்த இரண்டு சொற்களையும் வாசித்தார். அது நான்தான் அம்மா, நான்தான் அன்றைக்கு இல்லை என்றேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், ஒருவேளை அதற்காகவே காத்திருந்தேன். அவரோ முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த அறையில் அதற்கு முன் யாரும் அழுததில்லை. தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் நான் வெளியே போய் நின்றேன்.

திரும்பி வந்தபோது, வீட்டுக்காரர் ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். பதிலையும் அவரே கண்டுபிடித்துக்கொண்டார். எதையும் முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் சொல்லமாட்டாராம். அரைகுறையாகத் தெரிந்ததை வீட்டில் பேசுவது அவருக்குப் பிடிக்காதாம்.

அடுத்த நாள் நேராக நெட்டை வீட்டுக்குப் போயிருக்கிறார். நடந்ததைப் பின்னால் என்னிடம் சொன்னார். நெட்டை பின்கட்டில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். இவர் நின்றபடியே சொன்னார்: “அந்தக் காசு அன்னிக்குக் கெடச்சது இல்ல தம்பி. ஒரு மாசமா அவர்கிட்டதான் இருந்திருக்கு. அவர் எதுக்கு எறங்குனாரு?”

அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

“என் மொற அண்ணி,” என்றான். “நான்தான் எறங்கியிருக்கணும்.”

என்ஜினீயர் வருவதற்குள் பம்ப்புக் குழாயை நகர்த்தி வைக்கச் சொல்லி மேற்பார்வையாளர் மேலே இருந்து சத்தம் போட்டிருக்கிறார். மண் சரியாமல் தாங்கச் சுவருக்குப் பலகை அடிக்கவில்லையே என்று நெட்டை முணுமுணுத்ததற்கு, இரண்டு நிமிஷ வேலைக்குப் பலகையா என்று கேட்டிருக்கிறார். நெட்டையின் டப்பாவில் இன்னும் நாலு வாய் சாப்பாடு இருந்தது. நீ சாப்பிடு என்று சொல்லிவிட்டு ரேடியோ எழுந்து போயிருக்கிறார். அதற்கு மேல் அவர் யாரிடமும் எதுவும் பேசவில்லை. மேற்பார்வையாளர் அன்று மாலையே நெட்டையைத் தனியாகக் கூப்பிட்டு, வேலை வேண்டுமென்றால் வாயை மூடிக்கொண்டிரு என்றாராம். காசைப் பார்த்ததும் அதையே பிடித்துக்கொண்டான். “அதுக்காகத்தான் எறங்குனாருன்னு நெனச்சாதான் எனக்குச் சோறு எறங்குச்சு அண்ணி. நெனச்சு நெனச்சு அதுதான் நெசம்னு நானே நம்பிட்டேன்.”

அந்த அம்மா அப்படியே திரும்பி வந்துவிட்டார். இரண்டு நாள் அவன் முகத்தை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது என்றார். மூன்றாம் நாள் நெட்டையே வந்து கதவைத் தட்டினான். நடந்ததை ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொண்டுவந்திருந்தான். வேலை போனால் போகட்டும் என்றான். உட்காரச் சொன்னாராம். சாப்பிடச் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை.

விசாரணைக்கு நானும் போனேன், வருகைப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு. கம்பெனித் தரப்பில் வந்த வழக்கறிஞர் என்னை மடக்கிப் பார்த்தார். இறந்தவர் பழம்பொருளை எடுத்து மறைத்து வைத்திருந்த ஆள்தானே என்றார். மறைக்க நினைப்பவன் அருங்காட்சியக வாசலில் பெயரும் தேதியும் எழுதிவைத்துவிட்டுப் போகமாட்டான் என்றேன். வாழ்நாளில் நான் சமயத்துக்குச் சொன்ன பதில் அது ஒன்றுதான். முடிவு வர எட்டு மாதம் ஆயிற்று. பலகை அடிக்காமல் பள்ளத்தில் ஆள் இறக்கியது குற்றம், இறங்கச் சொன்னது மேற்பார்வையாளர், தொழிலாளிமேல் தவறில்லை என்று எழுதினார்கள். மேற்பார்வையாளருக்கு வேலை போயிற்று. நெட்டைக்கு அதற்கு முன்பே போயிருந்தது.

தீர்ப்பு வந்த வாரம் அந்த அம்மா மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பதினேழு வயதுப் பெண். அவள் பேச்சிலும் அப்பாவின் சிக்கனம். காசை முறைப்படி ஒப்படைக்க வந்திருந்தார்கள். பழைய படிவத்தையே எடுத்தேன். எங்கே கிடைத்தது என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்றுதான் எழுத முடிந்தது. இருபது வருஷம் இந்த ஊர் மண்ணையெல்லாம் வெட்டியவர், எந்தத் தெருவில் எந்தப் பள்ளத்தில் எடுத்தாரோ, அது அவரோடு போய்விட்டது. கண்டெடுத்தவர் என்ற கட்டத்துக்கு அந்த அம்மா கணவரின் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் எழுதினேன்.

எழுந்து போவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை.

“அன்னிக்கு அவர் வந்தப்ப நீங்க இருந்திருந்தா அவருகிட்ட என்ன சொல்லியிருப்பீங்களோ, அத எங்களுக்குச் சொல்லுங்க சார்.”

காசைத் தட்டில் வைத்து, விளக்கைப் பக்கத்தில் இழுத்து, புதிதாக வந்த ஒருவரிடம் சொல்வது போலவே ஆரம்பித்தேன். இது ரோம் நகரத்தில் நின்ற ஒரு தூண். ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூற்று அறுபது வருஷத்துக்கு முன்பு அந்தோனினஸ் பயஸ் என்ற பேரரசர் இறந்தார். அவருக்குப் பிறகு பட்டத்துக்கு வந்த இரண்டு பேரும் அவருக்குப் பிறந்தவர்கள் இல்லை, தத்தெடுத்த பிள்ளைகள். அப்பாவின் நினைவாக அவர்கள் இந்தத் தூணை நிறுத்தினார்கள். சிவப்புக் கல். ஒட்டுப் போடாத ஒரே கல். கிட்டத்தட்ட ஐம்பது அடி. உச்சியில் நிற்பது அவருடைய சிலை. அடியில் தெரிவது மக்கள் கிட்டே போகாமல் இருக்கப் போட்ட வேலி. கீழே பீடத்தில் தங்கள் பெயரோடு ‘பிள்ளைகள்’ என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள்.

ஒரே கல்லை எப்படித் தூக்கி நிறுத்தினார்கள் என்று அவர் கேட்டிருப்பார் என்றார் அந்த அம்மா. சாரமும் கயிறும் உருளையும் வைத்துத்தான் என்றேன். எனக்குத் தெரிந்த அளவு ஒரு தாளில் வரைந்தும் காட்டினேன். மகள் அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“அந்தத் தூண் இப்ப இருக்கா?” என்றாள்.

இல்லை என்றேன். பின்னால் ஒரு தீ விபத்தில் சேதமாகி, உடைத்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பீடம் மட்டும் இருக்கிறது.

அவள் தாளை மடித்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். வைத்துக்கொள் அம்மா என்றேன். அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்கு ஷிஃப்ட் இருந்தது. இரண்டு பேரும் எழுந்து நாற்காலிகளைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனார்கள்.